அறிவிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

நூலக அறிவியல் முதுகலை மாணவர்கள் முதல் பருவத்திலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

நூலக அறிவியலில் முதுகலை படிக்கும் மாணவர்களிடம் "முடித்ததும் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நெட் எழுதப் போகிறேன்", "டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை வரட்டும் என்று பார்க்கிறேன்", "ஏதாவது கல்லூரியில் கிடைத்தால் சேர்ந்துகொள்வேன்" என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். மூன்றுமே நியாயமான பதில்கள். ஆனால் எந்த மாதிரியான நூலகம், அங்கே என்ன வேலை, யாருக்காக அந்த வேலை என்ற பேச்சு எதிலுமே இருப்பதில்லை.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தப் படிப்புக்கு வந்து சேரும் விதமே அப்படி. நூலகர் ஆக வேண்டும் என்று பள்ளி நாளிலேயே ஆசைப்பட்டு வருகிறவர்கள் குறைவு. வரலாறோ தமிழோ வேதியியலோ முடித்துவிட்டு, "பி.லிப். படித்தால் எப்படியும் ஒரு வேலை இருக்கும்" என்று யாரோ சொல்லக் கேட்டுச் சேர்கிறவர்களே அதிகம். பி.லிப். ஓராண்டு, எம்.லிப். ஓராண்டு, அல்லது இரண்டும் சேர்ந்த ஈராண்டு ஒருங்கிணைந்த படிப்பு. டியூயி எண் போடக் கை பழகுவதற்குள் கடைசிப் பருவத் தேர்வு வந்துவிடுகிறது. அவகாசம் இவ்வளவுதான் என்பதால் திட்டத்தை முதல் பருவத்திலேயே போட்டாக வேண்டும்.

நூலகங்களைப் போய்ப் பாருங்கள்

இந்திய நூலகவியலின் தந்தை என்று கொண்டாடப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனும் ஆசைப்பட்டு நூலகர் ஆனவர் அல்லர். மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். ஆள் அரவமற்ற நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், சில நாட்களிலேயே பழைய வேலையைத் திருப்பித் தரும்படி கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள். லண்டனில் அவர் வகுப்போடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் உரிமையோடு வந்து போகிற கிளை நூலகங்களைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையின் வீச்சு அவருக்குப் பிடிபட்டது. 1925இல் திரும்பி வந்தவர் கணக்குப் பக்கம் போகவே இல்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது, 1929இல் பயிற்சிப் பள்ளி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1933இல் கோலன் பகுப்பு முறை. அவரை நூலகர் ஆக்கியதில் வகுப்பறையைவிட அந்தச் சுற்றுப்பயணத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

அதனால் முதல் பருவத்தின் முதல் வேலை, வெவ்வேறு வகை நூலகங்களை நேரில் பார்ப்பது. துறை சார்பில் பேருந்து வைத்துக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டும் கல்விச் சுற்றுலாவை நான் சொல்லவில்லை. காலையில் திறக்கும்போது போய், மாலை வரை ஒரு மூலையில் உட்கார்ந்து கவனிப்பதைச் சொல்கிறேன். ஒரு மாவட்ட மைய நூலகத்தில் அப்படி உட்கார்ந்தால், காலையில் நாளிதழ் மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து நாற்காலிகளைப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளி விட்டதும் குழந்தைகள் வருவார்கள். நடுவில் ஒருவர் பழைய அரசாணையின் நகல் கேட்டு வருவார், இன்னொருவர் பேரனின் கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பு கேட்பார். இத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வரவுப் பதிவேட்டையும் பார்க்கிறவர் ஒரே நூலகர். அந்த இடத்தில் உங்களை வைத்துப் பார்த்து, மனம் ஒட்டுகிறதா என்று அன்று மாலை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் பழக்கம் பிடிக்காதவர் பொது நூலகத்தில் தவித்துப் போவார். அதே ஆள் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலையின் சுவை கண்டு நிலைத்துவிடலாம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். வேதியியல் படித்த நூலகருக்கு ஆய்வு நிறுவனத்தில் மதிப்பு உண்டு. சட்டம் படித்தவருக்குச் சட்டக் கல்லூரியிலும் பெரிய வழக்குரைஞர் அலுவலகங்களிலும் இடம் உண்டு. தமிழோ வரலாறோ படித்தவர் ஓலைச்சுவடியும் பழைய அச்சு நூல்களும் இருக்கும் இடங்களுக்குப் போகலாம்: உ.வே.சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பட்டத்தை மறைத்துவிட்டு 'எம்.லிப்.' என்று மட்டும் சொல்லிக்கொள்வது கையிலிருக்கும் முதலை மறந்துவிட்டுக் கடன் தேடுவது போல.

அரசு வேலை: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறைக்கு ஒரு சட்டப் பின்புலம் உண்டு. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறி 1950இல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இந்த ஏற்பாட்டில் இயங்குகின்றன. சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. திருச்சிக்கும் கோவைக்கும் பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. கட்டடம் எழும்போதெல்லாம் பணியிடம் வரும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் எழுவது இயல்புதான்.

ஆனால் நூலகப் பணிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை குரூப் 4 போலக் கூட்டமாக இடங்களை அள்ளிக்கொண்டு வருவது அல்ல. 2023இல் ஒருங்கிணைந்த நூலகப் பணிகள் தேர்வு நடந்தது. மாவட்ட நூலக அலுவலர், அரசு சட்டக் கல்லூரி நூலகர், அண்ணா நூற்றாண்டு நூலகப் பணிகள் போன்றவை அதில் இருந்தன. விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் இடங்கள் மிகச் சொற்பம். அதற்குப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் படியுங்கள். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுக்காதவர்களின் மற்ற விடைத்தாள் மதிப்பிடப்படாது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அது மட்டுமே திட்டமாக இருந்தால், படித்த பாடம் மறந்து, கை பழக்கம் விட்டு, முப்பது வயதில் தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டிவரும். அப்படி நிற்கிற பலரைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லூரி, பல்கலைக்கழகப் பக்கம் போக விரும்புகிறவர்கள் 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறை விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். உதவி நூலகர், கல்லூரி நூலகர் பதவிகளுக்கு முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் அடிப்படை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஊதியம் நிலை 10, அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது; உதவிப் பேராசிரியருக்கும் இதேதான். பல்கலைக்கழக நூலகர் ஆக வேண்டும் என்றால் முனைவர் பட்டமும், நூலகத்திலோ நூலக அறிவியல் ஆசிரியராகவோ பத்தாண்டு அனுபவமும், தகவல் தொழில்நுட்பத்தைக் கொண்டு புதிய சேவைகள் செய்த சான்றும் கேட்பார்கள். அந்தப் பதவியைக் குறி வைப்பவர் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்: எந்த வயதுக்குள் பிஎச்.டி., அதற்கு முன் எத்தனை ஆண்டு பணி, அதற்கும் முன் எந்தப் பருவத்தில் நெட். 54 விழுக்காட்டில் முதுகலையை முடித்துவிட்டு வாழ்நாள் முழுதும் அந்த ஒரு விழுக்காட்டை நினைத்து வருந்துகிறவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். அக மதிப்பீட்டுத் தேர்வை அலட்சியப்படுத்துவதன் விலை அது.

நெட் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100, ஆக 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். நூலக அறிவியல் மாணவர்களில் பலர் இரண்டாம் தாளை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு, கற்பித்தல் திறன், தருக்கம், எண் கணிதம் எல்லாம் வரும் முதல் தாளில் சறுக்குகிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய பிடிமானம்.

கேந்திரிய வித்யாலயாவில் நூலகர் பதவி நிலை 7; அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். இந்தியிலும் நடைமுறை அறிவு கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பட்டியலிடுவது

எனக்கு அதிக நம்பிக்கை தரும் பகுதி இனிமேல்தான். தமிழ்நாட்டு மாணவர் மற்ற மாநிலத்தவரோடு போட்டியிடும்போது அவரிடம் மட்டுமே இருக்கும் வலிமை எது? தமிழ் நூல்களைச் சரியாகப் பட்டியலிடும் திறன்தான். துறைகளில் அதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

அட்டையில் 'சுஜாதா' என்று போட்ட ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். கோஹா நூலக மென்பொருளைத் திறந்து உட்காருகிறீர்கள். மார்க் 21 முறைப்படி 100ஆம் புலம் ஆசிரியருக்கு, 245 தலைப்புக்கு, 264 பதிப்பு விவரத்துக்கு, 300 பக்க அளவுக்கு. 082இல் டியூயி எண்; தமிழ் இலக்கியம் 894.811 என்று தொடங்கும். இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 100ஆம் புலத்தில் என்ன எழுதுவீர்கள்? சுஜாதாவா, எஸ். ரங்கராஜனா? ரங்கராஜன் என்று போட்டால் குமுதத்தில் எழுதிய ரா.கி. ரங்கராஜனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். இருவரும் ஒருவரே என்று வாசகர் நினைத்துக்கொள்ளவும் கூடும். 'கல்கி' என்று தேடுகிறவருக்கு ரா. கிருஷ்ணமூர்த்தியின் நாவல்களும் 1941இல் தொடங்கிய வார இதழும் கலந்து வந்து விழும். எஸ். ராமகிருஷ்ணன் என்றால் நாவலாசிரியரா, க்ரியா பதிப்பகத்தை நடத்தியவரா? நம் முன்னெழுத்து தந்தை பெயரைக் குறிப்பது. குடும்பப் பெயர் இருக்கிறது என்று எதிர்பார்த்து உருவான விதிகளுக்கு அது பிடிபடாது. திருமணத்துக்குப் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் எழுத்தாளர் இரண்டு ஆட்களாகப் பிரிந்து கிடப்பார்.

இதைத் தீர்க்க ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஓர் அத்தாரிட்டி பதிவு வேண்டும்: முதன்மைப் பெயர், மற்றப் பெயர்கள், பிறந்த ஆண்டு, ஒரே பெயருள்ள மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் குறிப்பு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், சிகாகோ பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் நூலகம் ஆகியவற்றில் பெரிய தமிழ்த் தொகுப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் தமிழுக்கென்றே பிரிவு உண்டு. அமெரிக்க விதிப்படி தமிழ்ச் சகரத்துக்கு ரோமன் 'சி' எழுத்துதான். அந்த எழுத்துப்பெயர்ப்பு விதியையும் பழகிக்கொண்ட தமிழ்நாட்டு மாணவர் உலகத்தில் எந்தத் தமிழ்த் தொகுப்பின் அட்டவணையையும் படித்துப் புரிந்துகொள்வார்.

மின்னுருவாக்கத்திலும் இதே கதைதான். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். வருடிய பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அங்கே தடுமாறும். தொண்ணூறுகளில் தட்டச்சான கோப்புகள் வேறு குறியீட்டு முறைகளில் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றாமல் தேட முடியாது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்து, குறியீட்டு மாற்றமும் செய்யத் தெரிந்து, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்ததா, நூல் நாட்டுடைமையாக்கப்பட்டதா என்று சரிபார்க்கவும் தெரிந்த ஒருவரைத் தேடினால் எளிதில் கிடைக்க மாட்டார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் நூலகம் நிறுவனம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றில் இந்த வேலை நடக்கிறது. விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்றே தொடங்கலாம்.

கையில் ஒரு வேலை இருக்கட்டும்

கோஹா நியூசிலாந்தில் 1999இல் ஒரு சிறு நூலகத்துக்காக உருவாக்கப்பட்டது. கட்டணமில்லாத மென்பொருள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு அதில் நிறுவிக்கொள்ளலாம். இரண்டாம் பருவ விடுமுறையில் நிறுவி, உங்கள் ஊர் வாசகசாலையிலோ பழைய பள்ளியிலோ கேட்பாரற்றுக் கிடக்கும் நூல்களில் இருநூறையாவது பட்டியலிட்டுப் பாருங்கள். "கோஹா தெரியும்" என்று தன்விவரக் குறிப்பில் எழுதுகிறவர்கள் ஏராளம். "இதோ நான் செய்த அட்டவணை" என்று திறந்து காட்டுகிறவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார்.

ஆய்வேட்டுத் தலைப்பையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ஏதோ ஒரு கல்லூரி மாணவர்களிடையே மின் வளங்களின் பயன்பாடு பற்றிய விழிப்புணர்வு என்று வினாப்பட்டியல் கொடுத்து, விழுக்காடு போட்டு, கட்டி வைக்கும் ஆய்வேடு துறை அலமாரிகளில் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதைப் படித்து யாரும் வேலை தரப்போவதில்லை. அதற்குப் பதில் உங்கள் மாவட்டத்தில் அட்டவணை இல்லாத ஒரு தனியார் தொகுப்பையோ, ஒரு சிற்றிதழின் முழு அடைவையோ எடுத்துச் செய்யுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் அவர் மறைந்த பிறகு 1994இல் ஆராய்ச்சி நூலகமாக ஆயின. அப்படிப்பட்ட சேர்ப்பாளர்களின் வீடுகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. அடுத்த தலைமுறை பழைய பேப்பர் கடைக்கு எடை போடுவதற்குள் யாராவது போய்ச் சேர வேண்டும்.

கல்லூரி நூலகத்திலும் வேலை மாறிவிட்டது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. ஒரு சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் ஐ.ஐ.டி. மாணவர் படிக்கும் இதழைப் படிக்கலாம் என்றாகிவிட்டது. எப்படித் தேடுவது என்று அவருக்கு யார் சொல்லித்தருவார்? நூலகர்தான். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒப்புமை அளவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் குறுக்கே நிற்கும். பல இடங்களில் அந்தச் சோதனை நூலகரின் மேசையில்தான் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு கொடுத்த, உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு நூலின் பெயரை எழுதிக்கொண்டு வந்து "இது இருக்கிறதா?" என்று கேட்கும் மாணவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

தனியார் கல்லூரிகளைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்ல நிர்வாகங்கள் உண்டு. ஆனால் சொற்பச் சம்பளத்துக்கு நூலகரை வைத்து, தேர்வறைக் கண்காணிப்பு முதல் மாணவர் சேர்க்கைப் பிரசாரம் வரை அவர் தலையில் கட்டும் கல்லூரிகளும் உண்டு. வேறு வழியில்லாமல் சேர நேர்ந்தால் எத்தனை நாள், எதைக் கற்றுக்கொள்ள என்று முடிவு செய்துகொண்டு சேருங்கள். நாக் மதிப்பீட்டுக்கு நூலகக் கோப்புகளைத் தயாரிப்பது, மின் வளக் கொள்முதல், பதிப்பாளரோடு விலை பேசுவது ஆகியவை அங்கே கற்கக்கூடியவை. அவற்றைக் கற்று முடித்த பிறகும் அதே சம்பளத்தில் தங்கிவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு இவ்வளவு சொன்ன பிறகு, பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. மக்கள் சொத்து வரியோடு நூலக வரியையும் கட்டுகிறார்கள். அந்தப் பணம் உள்ளாட்சிகளிடமிருந்து முழுதாக, உரிய காலத்தில் நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். கட்டடத்துக்கும் புத்தகத்துக்கும் போக, ஆட்களுக்கும் செலவாக வேண்டும். நூலகப் பணியிடங்களுக்கான தேர்வு டி.என்.பி.எஸ்.சி.யின் ஆண்டுத் திட்டத்தில் ஆண்டுதோறும் இடம்பெற வேண்டும். நூலகர் பணியிடமே அரிதாக இருக்கும் அரசுப் பள்ளிகளில் அதை உருவாக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் ஒரு பருவம் முழுதும் நூலகத்தில் வேலை செய்யும் பயிற்சியை மதிப்பெண்ணோடு கட்டாயமாக்க வேண்டும். தமிழ் நூல் பட்டியலிடலைத் தனித் தாளாக வைக்க வேண்டும்.

இவை நடக்கும்வரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் நூலகரைப் பாருங்கள். "ஐயா, எம்.லிப். படிக்கிறேன், விடுமுறையில் வந்து வேலை பழகிக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான நூலகங்களில் பட்டியலிடப்படாத புத்தகக் கட்டுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.